முனை மழுக்கிய போல்ட்டுகள்

அவருடைய போன் இப்போது என்னிடம் இருக்கிறது. அவ்வப்போது இன்னும் படங்கள் வந்து விழுகின்றன. ஏதோ ஒரு பங்களா வாசலில் தொப்பி போட்ட துரை ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் மூக்கு நீண்ட, கதவும் கூரையும் இல்லாத ஒரு குட்டிக் கார். "அம்மா, இது யார் கட்டியது என்று சொல்ல முடியுமா?" என்று கீழே ஒரு வரி இருக்கும். ஆள் போய்விட்டார் என்று பதில் போட எனக்கு இன்னும் கை வரவில்லை.

ஊட்டி காந்தலில் அவரை எல்லோரும் டிராயிங்கம்மா என்போம். ஊட்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் வரைபடம் தீட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் மேட்டுப்பாளையத்திலிருந்து மாற்றலாகி வந்து அவர் வீட்டு மாடியில் குடியேறினேன். ஒரு வருஷத்தில் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தவள், அவர் சாகும்வரை அங்கேயே இருந்தேன்.

அந்தக் கார்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரத் துரைகள் பாதி போயும் பாதி போகாமலும் இருந்த காலத்தில் இந்த மலையில் ரேஸ் பைத்தியம் பிடித்து ஆட்டியதாம். வெளிநாட்டிலிருந்து ரேஸ் கார் இறக்க வழியில்லை. அதனால் எஸ்டேட் பட்டறைகளிலேயே கட்டினார்கள். ராணுவம் ஏலம் விட்ட ஜீப்பின் அடிச்சட்டம், ஏதோ ஒரு பழைய குடும்பக் காரின் எஞ்சின், மேலே தட்டி வளைத்த தகரம், உள்ளே தேயிலைப் பெட்டிப் பலகை. அவற்றுக்குக் கம்பெனி கிடையாது, பெயர் கிடையாது, ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது. அப்படிப்பட்ட அநாதைகளுக்கு அப்பன் பெயர் சொல்வதுதான் டிராயிங்கம்மாவின் வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை, அவராக எடுத்துக்கொண்டது.

அவருடைய அப்பா குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மிஷின்களைப் பூட்டிப் பழுது பார்க்கும் பெரிய பிட்டர். பள்ளிக்கூடம் விட்டதும் பட்டறைக்குப் போய், தேயிலைப் பெட்டி மேல் உட்கார்ந்து, கார் கட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவர் இவர். மற்ற பெண்பிள்ளைகள் கோலம் பார்த்த கண்ணால் இவர் நட்டும் போல்ட்டும் பார்த்தார்.

படம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். நாம் பார்ப்பதற்கு மாட்டுவோம், அவர் கழற்றுவார். கிட்டப் பார்வை. போனை மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, "மேல பூசினதப் பாக்காதீங்க, சேத்த எடத்தப் பாருங்க. பூசறது ஊருக்கு, சேக்கறது அவனவன் கை" என்பார். பிறகு தீர்ப்பு வரும். "ஆணியெல்லாம் ரெண்டு ரெண்டா அடிச்சிருக்குது பாருங்க, இது குன்னூர் மேஸ்திரி ஒருத்தரு. ஒத்தையா எதுவும் அவருக்குப் புடிக்காது. பொண்டாட்டி கூட ரெண்டு."

நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவர் சிரிக்கமாட்டார். அவருக்கு அது தமாஷ் இல்லை, தகவல்.

அதுதான் அவரிடம் இருந்த கோளாறு. கண்டதைச் சொல்லிவிடுவார். என் தங்கையைப் பெண் பார்க்க ஆட்கள் வந்தபோது அவரையும் மரியாதைக்கு மாடிக்கு அழைத்திருந்தேன். மாப்பிள்ளைப் பையன் காபி டம்ளரை எடுத்தான். "தம்பி கை நடுங்குதுங்களே, குடிப்பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்டாரே பார்க்கலாம். வந்தவர்கள் பஜ்ஜியைக் கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். அவன் குடிப்பவனா, குளிரில் நடுங்கினானா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. என் தங்கை அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியேறவில்லை. "ஏனுங்கம்மா, உங்களுக்கு வாயில பூட்டே கெடையாதா?" என்று சண்டைக்குப் போனேன். "நடுங்குச்சு, சொன்னேன். நடுங்கலைன்னு சொல்லச் சொல்றியா?" என்றார். அவரோடு எப்படிச் சண்டை போடுவது?

கோயமுத்தூரிலிருந்து பழைய கார் சேர்க்கும் பணக்காரர் ஒருவர் தான் வாங்கிய காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் தெருவையே அடைத்து நிறுத்தினார். டிராயிங்கம்மா கோணிச்சாக்கை விரித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடியில் தலையை விட்டார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். "இது மூணு வண்டிங்க. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, நடுவுல இருக்கறது போன வருசம் செஞ்சது." அந்த மனிதர் முகம் செத்துப்போயிற்று. அசல் வண்டிதான் என்று ஒரே ஒரு "ஆமாம்" சொன்னால் போதும், கண்காட்சியில் வைத்துவிடுவேன் என்று கெஞ்சினார். "ஒருக்கா ஆமான்னு சொல்லிப் பழகீட்டா, அப்பறம் நான் எதையும் பாக்கவே வேண்டியதில்லீங்க" என்று கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தக் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலது உள்ளங்கையில் குறுக்கே ஒரு தழும்பு. சின்ன வயதில் பட்டறையில் தடுக்கி விழப்போய், நீட்டிக்கொண்டிருந்த போல்ட் முனையைப் பிடித்துவிட்டாராம். கை கிழிந்து எலும்பு தெரிந்ததாம். அன்றிலிருந்து அவர் அப்பா எந்த போல்ட்டை முடுக்கினாலும், நட்டுக்கு வெளியே நீளும் முனையை அரத்தால் ராவி, கொண்டைக்கடலை மாதிரி மழுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாராம். மற்றவர்கள் கேலி செய்வார்களாம். யார் செய்கிற வேலை அது? நேரம்தான் வீண். "எங்கப்பா கட்டின வண்டிய இருட்டுல தடவியே சொல்லீருவேன்" என்பார். படத்தில் அது தெரியாது, நேரில் தொட வேண்டும். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சின்னப் பெண் வந்து போவாள்.

அப்பாவின் படம் கூடத்தில் மாலையோடு மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஒருநாள் சொன்னார். "எங்கப்பா அழுது ஒருக்காத்தான் பாத்திருக்கேன். ஆரோ ஒருத்தர் ஊட்டு வாசல். என்னையும் கூட்டீட்டுப் போயிருந்தாரு. அந்த ஊட்டம்மா எனக்குப் பொரி குடுத்துச்சு. நான் பொரி தின்னுட்டே அவரு அழுகறதப் பாத்துட்டு நின்னேன். ஏதோ எழவு ஊடுன்னு நெனச்சுக்கிட்டேன். எந்த வண்டியப் பாத்தாலும் ஆரு கட்டினதுன்னு சொல்லீருவேன். அது ஆரு ஊடுன்னு மட்டும் தெரியவே இல்ல."

ஒரு நாள் வெளிநாட்டிலிருந்து ஒரு பையன் வந்தான். அவனுடைய தாத்தா இங்கே துரையாக இருந்தவராம். வாடகைக் கார் டிரைவர்தான் அவனை வீடு கண்டுபிடித்துக் கூட்டி வந்திருந்தார். பையன் ஒரு பழைய படத்தை நீட்டினான். டிராயிங்கம்மா கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகம் இறுகியதை அன்றுதான் நான் முதலில் பார்த்தேன்.

"இதுவா? இது எங்கப்பா பட்டறையில இருந்ததுதான். ஆனா எங்கப்பா கட்டினதில்ல. அங்க காளியப்பன்னு ஒரு சின்ன பிட்டர் இருந்தான், அவன் கட்டினது. ஸ்டியரிங்கச் சரியாப் பூட்டாம உட்டுட்டான். மலையேத்தப் போட்டியில வளைவுல வண்டி திரும்பல. வேடிக்கை பாத்துட்டு நின்ன கொழுந்தெடுக்கற பொம்பளைங்க மேல ஏறிருச்சு. ரெண்டு பேரு அங்கியே போயிட்டாங்க. அவனை வேலைய விட்டு முடுக்கி உட்டாங்க. எங்கப்பாவுக்கு மனசு விட்டுப்போச்சு, அதோட வண்டி கட்டறதையே நிறுத்தீட்டாரு."

நான் அரைகுறை இங்கிலீஷில் பையனுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். வாசல்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர், டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போனார். டீயில் சூடு போதவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கோத்தகிரி தாண்டி, அரவேணுவுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துச் சரிவு பெயர்ந்து, பள்ளத்தில் கிடந்த மண்ணையெல்லாம் புரட்டிப் போட்டது. இரண்டு நாள் கழித்து அந்த டிரைவர் தனியாக வந்து வாசலில் நின்றார். தலை நரைத்த மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"ஏனுங்கம்மா, நான் பழனிங். அன்னைக்கு அந்த வெளிநாட்டுத் தம்பியக் கூட்டியாந்தவன். அந்தக் காளியப்பன் மகனுங்க நான்."

டிராயிங்கம்மா வாசற்படிவரை வந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"அந்த வண்டிய அப்பவே பள்ளத்துல உருட்டி மண்ணப் போட்டு மூடீட்டாங்களாமா. இப்ப மண்ணு சரிஞ்சதுல மேல வந்துருச்சுங். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு இந்த மலையில எல்லாருமே சொல்றாங்க. ஆனா அன்னைக்குப் படத்தப் பாத்துத்தானுங்க சொன்னீங்க. இப்ப வண்டியவே பாத்துச் சொல்லுங்க. எங்கப்பாரு செஞ்ச தப்புத்தான்னா கேட்டுக்கறேன். அப்பாரு ரோட்டுல கல்லு ஒடச்சு, குடிச்சு, ரோட்டுலயே செத்தாருங். எங்காத்தா இன்னும் உசுரோட இருக்குது. ஆளக் கொன்னவன் பொண்டாட்டின்னு பேரெடுத்தே கெழவியாயிருச்சு. கண்ண மூடறதுக்குள்ள அதுக்கு ஒண்ணு தெரியோணுமுங்க."

அப்போதே டிராயிங்கம்மா சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார். வழுக்கி விழுந்தால் தூக்க ஆள் வேண்டுமே என்று நானும் பழனியின் காரில் ஏறிக்கொண்டேன்.

கார் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. துருவேறிய சட்டம், ஒரு சக்கரம், முன்பக்கம் கொஞ்சம். களிமண் அப்பியிருந்தது. டிராயிங்கம்மா கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்தார். வயசென்ன, குளிரென்ன என்று கத்தினேன், காதில் வாங்கவில்லை. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கிற இரும்புக் கை ஒன்று உண்டு. அது பாதியில் ஒடிந்து கிடந்தது. பழனியிடம் அரம் வாங்கி அதில் தேய்த்தார். கரிப்பொடி போல உதிர்ந்து விரலில் ஒட்டியது.

"வார்ப்பு இரும்பு" என்றார். "பூட்டாம உடல. நல்லாத்தான் பூட்டியிருக்குது. இரும்புதான் தப்பு. தேயிலை உருட்டற மிசினோட கை இது. ராவி, இதுல மாட்டியிருக்காங்க. மிசின்ல ஆயுசு முச்சூடும் ஒழைக்கும். ரோட்டுல ஒரு குலுக்குக்குத் தாங்காது. வளையாது, ஒடஞ்சுரும். தேயிலைப் பட்டறைக்காரனுக்குத்தான் இந்தத் தப்பு வரும். அவனுக்கு அதவிட ஒசந்த இரும்பே கெடையாதுன்னு நெனப்பு."

"அதை ஆருங்க மாட்டினது?" என்றார் பழனி.

டிராயிங்கம்மா அந்தக் கை சேரும் இடத்தில் மண்ணை வழித்தார். உள்ளே கிரீஸ் இறுகிக் கல்லாகியிருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே போனவர் சட்டென்று நின்றார். விரல் மட்டும் ஓரிடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு அடுத்த போல்ட்டுக்குப் போனது. பிறகு அதற்கடுத்தது. எனக்கு விளங்கிவிட்டது. 'வேண்டாம், தெரியலைன்னு சொல்லிடுங்க' என்று வாய்வரைக்கும் வந்தது. நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கப் போவதில்லை, அவருக்கு மேலே அந்த மலையில் வேறு கோர்ட்டும் கிடையாது.

அவர் பழனியின் கையைப் பிடித்து இழுத்து, விரலை அந்த முனைமேல் வைத்தார்.

"தொட்டுப் பாருங்க. உருண்டையா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்."

"கையக் கிழிக்குதா?"

"இல்லீங்."

"இது எங்கப்பா கைங்க. வேற ஆரும் இப்படிச் செய்யமாட்டாங்க. எனக்கோசரம் செஞ்சது."

பழனி விரலை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றார். கோபப்படுவார் என்று பயந்தேன். "அப்பச் செரிங்" என்று மட்டும் சொன்னார். விரலை எடுத்துக்கொண்டு, "எங்காத்தாகிட்ட நீங்களே வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

அன்று ராத்திரியே டிராயிங்கம்மா கோயமுத்தூரில் இருக்கும் தன் தம்பிக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். அவரும் பழைய கார் ஆட்களும் சேர்ந்து அப்பா பெயரில் ஒரு கண்காட்சி வைக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். தம்பி போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "அவரு செத்துப்போன மனுசன், அக்கா. இப்ப எவன் கேட்டான் இதை?"

"பழனி கேட்டாரு" என்றார் டிராயிங்கம்மா.

தம்பி அதற்குப் பிறகு பேசவில்லை. பின்னால் அக்கா சாவுக்கும் வரவில்லை. கொள்ளி வைக்கத் தெருவில் ஆள் தேடினோம். 

வண்டியைப் பார்த்த அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பழனி வந்து எங்களை அரவேணுவுக்கு அழைத்துப் போனார். ஓட்டு வீடு, ஓர் அறை. கட்டிலில் கம்பளிக்குள் அந்தம்மா கிடந்தார். கண் இரண்டும் பூத்து, பார்வை போயிருந்தது. "ஆத்தா, பெரிய பிட்டர் மக வந்திருக்குது" என்று பழனி காதருகில் சொன்னார். கம்பளி அசையவே இல்லை.

டிராயிங்கம்மா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தார். கோர்ட்டுக் கூண்டில் நிற்பவர் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அந்த வண்டிய எங்கப்பாதானுங்க கட்டினாரு. ஒடிஞ்ச கைய மாட்டினதும் அவருதான். நான் கையில தொட்டுப் பாத்துட்டு வந்து சொல்றேன். உங்க ஊட்டுக்காரரு மேல ஒரு குத்தமும் இல்லீங்க. இத்தன நாளா நானும் தப்பாவே சொல்லீட்டிருந்தேன்."

 வெளியே தகரத்தில் மழை விழும் சத்தம்தான். பிறகு கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது.

"கையக் குடு."

டிராயிங்கம்மா கொடுத்தார். கிழவி உள்ளங்கையை விரித்து, கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். தழும்பில் வந்து விரல் நின்றது. அங்கேயே சுற்றியது. இதே மாதிரி ஒரு விரல் சேற்றுக்குள் சுற்றியதை நான் பார்த்து நாலு நாள் ஆகவில்லை.

"நீதான்" என்றார். "வண்டி ஆளுக மேல ஏறின அன்னைக்குப் பொழுதோட உங்கப்பன் வந்து வாசல்ல நின்னாரு. நீ அவரு கையப் புடிச்சுட்டு நின்னே. உன்ர கையில நாந்தான் பொரி போட்டேன். இதென்ன கண்ணு தழும்புன்னு கேட்டேன். போல்ட்டு கிழிச்சுருச்சுன்னு சொன்னே."

டிராயிங்கம்மா இன்னொரு கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றிக்கொண்டார்.

"உங்கப்பன் அழுதாரு. நான் மாட்டினதுதான் ஒடிஞ்சுது, துரைதான் காளியப்பன் பேரச் சொல்லீட்டாரு, என்னால அங்க வாயத் தெறக்க முடியலன்னாரு. நாளைக்கு வெடிஞ்சதும் போயி நாந்தான்னு சொல்லீருவேன்னாரு. எங்க ஊட்டுக்காரரும் செரீங்கன்னாரு. அடுத்த நாளு பாத்தோம். அதுக்கும் அடுத்த நாளு பாத்தோம். தோட்டத்துல குடுத்த லைன் ஊட்டக் காலி பண்ணச் சொல்லி ஆளு வர்ற வரைக்கும் பாத்துட்டே இருந்தோம். அவரு அப்பறம் எங்க மொகத்துலயே முழிக்கல."

"ஏனாத்தா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றார் பழனி. அறுபது தாண்டிய மனிதர், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொன்னா ஆரு நம்புவாங்க? நீ போயி அவுங்க ஊட்டு முன்னால சண்டைக்கு நிப்பே. காளியப்பன் மகன்னு தெரிஞ்சு உன்னையும் எவனும் வேலைக்கு வெக்கமாட்டான்." டிராயிங்கம்மாவின் கையை அவர் இன்னும் விடவில்லை. "நாளைக்கு நாளைக்குன்னு இருந்தோம். உங்கப்பன் சொன்ன நாளைக்கு இன்னைக்குத்தான் வந்திருக்குது. கேக்கறதுக்குத்தான் எங்க ஊட்டுக்காரரு இல்ல."

சொல்லிவிட்டுக் கையை விட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அழுதாரா, தூங்கிவிட்டாரா தெரியவில்லை. பழனி கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டார். எங்களுக்கு டீ போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று எழுந்தோம்.

டிராயிங்கம்மா செருப்பை மாட்டமுடியாமல் நின்றார். நான்தான் குனிந்து மாட்டிவிட்டேன். காரில் ஏறியபின் கோத்தகிரி வரும்வரை உள்ளங்கையை மடியில் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணாடியைக் கழற்றியிருந்தார். கோத்தகிரி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"அது ஆரு ஊடுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார்.

பழனி திரும்பிப் பார்க்காமல் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்.